கோட்டுக்கு அப்பால்

எங்கள் தெரு பைபாஸில் போய்ச் சேரும் இடத்தில் ஒருநாள் புதிதாக ஒரு வெள்ளைக் கோடு கிடந்தது. நெடுஞ்சாலைக்காரர்கள் போட்டது என்று நினைத்தேன். மகளின் பள்ளிக்கூட வேன் எதிர்ப்பக்கம்தான் நிற்கும். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, இரண்டு பக்கமும் பார்த்து, பார்த்தது சரிதானா என்று மறுபடியும் பார்த்து, அந்தக் கோட்டுக்குச் சற்றுத் தள்ளித்தான் தினமும் ரோட்டைத் தாண்டுவேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பைபாஸில் பசங்களோடு ஓட்டும் ரேஸுக்கு முடிவுக் கோடாக அதைப் போட்டது என் கொழுந்தன் என்று பிறகு தெரிந்தது. நேர் ரோட்டில் இரண்டிரண்டு பேராகப் போட்டி போடும் பைக் டிராக் ரேஸ் என்றால் அவனுக்கு உயிர். சென்னையில் முறையாக நடக்கும் போட்டிக்குப் போக வேண்டும் என்று விதிமுறைகளை ஃபோனில் இறக்கி வைத்திருந்தான். எல்லாம் இங்கிலீஷ். நான் வாசித்துச் சொல்வேன். கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கும் வண்டி ஒரு வகுப்பு, இன்ஜினைப் பிரித்து மாற்றிய வண்டி இன்னொரு வகுப்பு. அதற்குள் சி.சி. கணக்கில் பிரிவுகள். டூ ஸ்ட்ரோக் தனி. தூரம் கால் மைல், நானூற்றிரண்டு மீட்டர். சில இடங்களில் அதில் பாதி. பச்சை விளக்கு வருவதற்கு முன் சக்கரம் நகர்ந்தால் ஃபவுல். முதலில் வந்தாலும் தோல்விதான்.

அடுத்த பத்தியை இரண்டு தடவை வாசித்தேன். முடிவுக் கோட்டுக்கு அப்பால் வண்டி வேகம் தணிந்து நிற்க நீளமான வெறும் பாதை இருக்க வேண்டும். அதில் ஆளோ பொருளோ இருக்கக் கூடாது.

“தம்பி, உங்க கோட்டுக்கு அப்பால இன்னா இருக்குது?”

“நம்ம தெரு.”

“பாப்பா அங்கதான் ரோடு தாண்டறா.”

“ஞாயித்துக்கெழம ஸ்கூல் இல்லியே அண்ணி.”

“நான் பால் வாங்கப் போவேன்ல?”

“அது ரேஸ் ட்ராக்குக்குப் போட்ட ரூலு. இது ரோடு. சும்மா டென்சன் ஆவாதீங்க.”

ஃபோனைத் திருப்பிக் கொடுத்தேன். மாமியார் காதில் விழுந்தால் பேச்சு வேறு பக்கம் போகும். பஸ் ஓட்டிவிட்டு வந்து தூங்கும் கணவரை எழுப்பி அவர் தம்பியைப் பற்றியே சொல்வதா என்றும் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு பால் வாங்கப் போனேன். ராஜகிரி மலைக்கோட்டை உச்சியில் மட்டும் வெயில் விழுந்திருந்தது. திண்டிவனத்துப் பையன்கள் வந்திருந்தார்கள். ஒரு கல், ஒரு துளி மணல் இருக்கக் கூடாது என்று துடைப்பத்தால் ரோட்டைப் பெருக்கினார்கள். கோடு வரைக்கும் பெருக்கினார்கள். கோட்டுக்கு அப்பால், எங்கள் தெருமுனையையும் தாண்டி, ஒரு விவசாயியும் அவர் மனைவியும் கொள்ளுச் செடியைப் பரப்பிக்கொண்டிருந்தார்கள். வண்டிகள் ஏறி ஏறி நெற்று உடையட்டும் என்று இங்கே எல்லாரும் செய்வதுதான்.

பச்சை விளக்குக்குப் பதிலாக ஒருவன் தூக்கிப் பிடித்திருந்த கர்சீஃப் விழுந்தது. என் கொழுந்தனோடு ஓட்டிய திண்டிவனத்துப் பையன் முன்னால் வந்தான். கோட்டைத் தாண்டியதும் ஒரு கையைத் தூக்கினான். செடியில் ஏறியதும் வண்டி படுத்து, அவனை இழுத்துக்கொண்டு போய்ச் சிறு பாலத்தின் கட்டைச் சுவரில் அடித்தது. தொடை எலும்பு பேண்ட்டைக் கிழித்துக்கொண்டு வெளியே நின்றது. அதற்கப்புறம்தான் அவன் கத்தினான்.

பின்னால் வந்த என் கொழுந்தன் எப்படியோ பிரேக் பிடித்து நின்றுவிட்டான். இறங்கியதும் அவன் சொன்னது இதுதான்: “ஃபவுல்! துணி விழறதுக்கு முன்னாடியே எடுத்துட்டான்!”

அடிபட்டவனின் கூட்டாளிகள் விவசாயியை வளைத்தார்கள்.

“யார்ரா ரோட்டுல குப்பையக் கொட்டினது?”

“ரோடு இன்னா உங்க மாமியா வூட்டுச் சீதனமா?” என்றாள் அவர் மனைவி.

முதல் உதை அவர் வயிற்றில் விழுந்தது. கீழே விழுந்த பிறகு விலாவில் மாறி மாறி மிதித்தார்கள். செடி புரட்டும் கவைக்கோலை அவள் ஓங்கினாள். அதைப் பிடுங்கி அவள் தோளிலேயே அடித்தார்கள். “விடுங்கப்பா” என்று குறுக்கே போனேன். ஒருவன் என்னை நெட்டித் தள்ளினான். மகளோடு விழுந்தேன். அவள் உதடு தார் ரோட்டில் பிளந்து, என் புடவையெல்லாம் ரத்தம்.

பக்கத்து பைக்கின் கண்ணாடியில் ஒரு ஹெல்மெட் தொங்கியது. வாரைப் பிடித்து எடுத்து, கையிலிருந்து விடாமலே தள்ளியவன் முகத்தில் வீசி அடித்தேன். பல் தெறித்தது. மறுபடியும் வீசினேன். அவன் முட்டி போட்டுவிட்டான். அது எனக்குத் தெரிந்தது. இருந்தும் வீசினேன்.

“அண்ணி, வுடுங்க, செத்துடப் போறான்!” என்று கொழுந்தன் என்னைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்தான். அப்போதுதான் மற்றவர்களும் விவசாயியை விட்டார்கள்.

ஆம்புலன்ஸ் வந்தது. மகளுக்குத் தையல் போட்டார்கள். போலீசில், எல்லாருக்கும் பட்ட அடி வண்டி வழுக்கி விழுந்ததில்தான் என்று இரண்டு தரப்பும் எழுதிக் கொடுத்தது. “பொம்பளையா இவ?” என்றார் மாமியார். கணவர் மகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். முதல் அடி சரி என்றுதான் இன்றும் தோன்றுகிறது. மூன்றாவது எதற்கு என்று தெரியவில்லை. தெரிந்துகொள்ள வேண்டுமா என்பதும் தெரியவில்லை.

சில வாரம் கழித்து, தெருமுனைக் கோட்டின்மேல் யாரோ தார் பூசியிருந்தார்கள்.

“மாத்திட்டோம் அண்ணி,” என்றான் கொழுந்தன். “‘உங்க அண்ணி வூட்டாண்ட வேணாம்டா’ன்னு பசங்க பயப்படறானுங்க.”

ஒருவன் தொடை உடைந்ததற்காக மாற்றவில்லை. ஒருவர் விலா உடைந்ததற்காகவும் இல்லை. நான் வாசித்துக் காட்டிய விதிக்காக நிச்சயமாக இல்லை. எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அப்புறம் கேட்டேன்.

“இப்ப எங்க போட்டிருக்கீங்க?”

“காலனி முனைல.”

“அங்கயும் ஸ்கூல் வேன் வரும்ல?”

“வரும்.”

“அங்க உங்கள அடிக்க யாராவது இருக்காங்களா?”

அவன் சிரித்தான். நான் பதிலுக்காக நின்றுகொண்டிருந்தேன்.