இரண்டாவது ஆண் நகரக் கூடாது

வில்மா கெடஸுக்குக் கெடுதல் செய்தது நான்தான். வேறு யார் வாயிலிருந்தோ நீங்கள் கேட்பதற்குள் என் வாயாலேயே கேட்டுக்கொள்ளுங்கள். என் பெயர் ஐரீன். முப்பத்தொரு வருடம் கணக்கு டீச்சர். எங்கள் ஊர் போர்ட்கெல்லில் பாதிப் பேருக்கு நான் முட்டை மார்க் போட்டிருக்கிறேன். மீதிப் பேருக்கு என்னைக் கண்டாலே ஆகாது.

வில்மாவும் அதே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவள்தான், ஆனால் சமையற்கட்டில். பதினைந்து வயதில் படிப்பை விட்டுவிட்டு மீன் வெட்டும் கொட்டகைக்குப் போனாள். அங்கே இடது கையில் ஒரு விரல் நுனி போயிற்று. அதற்கப்புறம் இருபத்தாறு வருடம் பிள்ளைகளுக்கு சூப்பும் மசித்த உருளைக்கிழங்கும் ஊற்றிப் போட்டாள். குழந்தை குட்டி கிடையாது. புருஷன் மர்டோ தச்சர், அதிகம் பேசாத மனிதர். வியாழக்கிழமை சாயங்காலமானால் இரண்டு பேரும் ஊர் மன்றத்துக்கு ஜோடி நடனம் ஆட வந்துவிடுவார்கள். மர்டோ ஆடினால் பார்க்கலாம். அவ்வளவு பெரிய உடம்பு, தரையில் சத்தமே கேட்காது.

எங்கள் ஊரில் புது நடனம் கட்டுவது ஒரு பைத்தியம். யாராவது ஓய்வு பெற்றால் ஒரு நடனம், பேத்தி பிறந்தால் ஒன்று, மன்றத்துக் கூரை ஒழுகினால் அதற்கும் ஒன்று. வில்மா பதினொன்று கட்டியிருக்கிறாள். நடனம் கட்டும்போது சாப்பாட்டு மேஜையில் நான்கு உப்பு டப்பா வைத்தால் ஆண்கள், எதிரே நான்கு முட்டைக் கிண்ணம் வைத்தால் பெண்கள். அவள் சொல்லச் சொல்ல மர்டோ நகர்த்துவார். இடித்துக்கொண்டால் மறுபடியும் முதலிலிருந்து. 'பிளம்பரின் இரண்டாம் வருகை' என்று அவள் கட்டியதை இன்றைக்கும் நாங்கள் சிரித்துக்கொண்டேதான் ஆடுகிறோம். நிஜமான பிளம்பரும் சேர்ந்து ஆடுவார், பாவம்.

மூன்று வருடத்துக்கு முன் மர்டோ வருவதை நிறுத்திவிட்டார். "முட்டி வலி" என்றாள் வில்மா. நாங்களும் நம்பினோம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாள் அவள். மறைக்கவும் முடிந்தது, ஏனென்றால் யாரும் அந்த வீட்டுக்குள் போய்ப் பார்க்கவில்லை, நான் உட்பட. மர்டோவுக்கு நினைவு கழன்றுகொண்டிருந்தது. ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குக் கூட்டிப் போனால் குழந்தை மாதிரி அலறுவாராம். ஆனால் ஓரிடத்தில் நிற்க வைத்து, பாட்டைப் போட்டு, எதிரே போய்க் கை நீட்டினால், சரியான தாளத்தில் அவர் கை வரும். வலது கை கேட்டால் வலது, இடது கேட்டால் இடது. அதை மட்டும் அந்தப் பாழாய்ப்போன வியாதி இன்னும் தொடவில்லை.

முதியோர் இல்லத்தில் அவருக்கு ஒரு படுக்கை கிடைக்கும் என்று போன இளவேனிலில் சொல்லிவிட்டார்கள். அதற்குள் ஒரே ஒரு தடவை, நாற்பது வருடம் கூட ஆடியவர்கள் நடுவில் அவர் ஆட வேண்டும் என்று வில்மா ஆசைப்பட்டாள். அதற்காகத்தான் பன்னிரண்டாவது நடனத்தைக் கட்டினாள்.

மெதுவான நடனம். நான்கு ஜோடி. இரண்டாவது ஆண் முதலிலிருந்து கடைசிவரை நின்ற இடத்திலேயே நிற்பார். மற்ற ஏழு பேரும் சுற்றிச் சுழன்று, ஒவ்வொருவராக அவரிடம் வந்து, கை கொடுத்துவிட்டுப் போவார்கள். அவ்வளவுதான்.

எங்கள் ஊர் நடனச் சங்கக் கிளைக்கு அறுபது வயது நிறைவதால் உள்ளூர்க்காரர்கள் கட்டிய நடனங்களைப் புத்தகமாகப் போட முடிவாகியிருந்தது. பதிப்பாசிரியர் நான். வந்த காகிதங்களில் பெயர், தலைப்பு எல்லாவற்றையும் மறைத்து எண் மட்டும் போட்டுத்தான் என்னிடம் தருவார்கள். வேண்டியவர், வேண்டாதவர் என்று பார்க்கக் கூடாதே. வில்மாவுடையது பதினான்காம் எண்.

படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. எங்கள் நடனத்தின் உயிரே இடம் மாறுவதுதான். ஒரு சுற்று முடிந்தால் எல்லோரும் ஓரிடம் நகர வேண்டும். வரிசையில் மேலே இருப்பவர் கீழே வருவார், கீழே இருப்பவருக்கும் முதலிடம் வரும். இதில் ஒரு மனிதரை மரம் மாதிரி நட்டுவைத்தால் என்ன நடனம் அது? "யாரோ கத்துக்குட்டி" என்று சொல்லிக்கொண்டே சிவப்புப் பேனாவை எடுத்தேன். பதினேழாவது தாளத்தில் இரண்டாவது ஆணை முதலிடத்துக்கு ஏற்றினேன். அரை மணி நேரத்தில் கணக்கு அழகாகச் சரியாகிவிட்டது. என் மண்டைக்கனத்துக்கு அன்றைக்கு நல்ல தீனி.

தேர்வு முடிந்து பெயர் தெரிந்தபின் வில்மாவுக்குப் போன் செய்தேன். தலைப்பு 'மர்டோவின் இடம்' என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"உன்னோடது எடுத்தாச்சு வில்மா. சின்னச் சின்னத் திருத்தம் பண்ணியிருக்கேன். தபால்ல வரும், பார்த்துக் கையெழுத்து போட்டு அனுப்பு."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம். அழுகிறாள் என்று தெரிந்தது. இதற்குப் போய் அழுவார்களா என்று நினைத்தேன்.

"புத்தகம் வெளியிடற அன்னிக்கு ஆடுவோம் இல்ல? மர்டோவைக் கூட்டிட்டு வரலாமா?"

"தாராளமா. முட்டி தேவலையா?"

"நிப்பாரு. நிக்கறது மட்டும்தானே ஐரீன்."

அது என் காதில் விழுந்தது. மண்டையில் ஏறவில்லை.

என் காகிதம் அவள் வீட்டுக்குப் போன வாரத்தில்தான் மர்டோ விடியற்காலையில் வெளியே போய், படகுத்துறையில் இடுப்பளவு தண்ணீரில் நின்றிருக்கிறார். மூன்று நாள் அவள் கண் மூடவில்லை. சின்னத் திருத்தம் என்றால் எழுத்துப் பிழையாக இருக்கும் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டாள். சமையற்கட்டிலிருந்து வந்தவளின் காகிதத்தில் டீச்சர் வேறு எதைத் திருத்துவாள்?

வெளியீடு ஒரு சனிக்கிழமை பிற்பகல். திங்கட்கிழமை மர்டோவை இல்லத்தில் சேர்க்க வேண்டும். அதுவும் எங்களுக்குத் தெரியாது.

வில்மா அவருக்குக் கோட்டும் டையும் போட்டுக் கூட்டி வந்தாள். புதிதாகச் சவரம் செய்திருந்தார். கன்னத்தில் ஒரு வெட்டு. அவரை மெதுவாக நடத்தி வந்து, ஆட்கள் சேருவதற்கு முன்னாலேயே ஆண்கள் வரிசையில் இரண்டாவது இடத்தில் நிறுத்திவிட்டு எதிரே நின்றுகொண்டாள். அவருக்கு அடுத்து மூன்றாவது ஆணாகக் கசாப்புக்கடை ஆர்ச்சி. ஆர்ச்சிக்கு எதிரே நான்.

"என்ன மர்டோ, இவ்வளவு நாளா ஆளையே காணோம்? என் கடைக்குப் பயந்து இலை தழைக்கு மாறிட்டீரா?" என்றார் ஆர்ச்சி. மர்டோ மரியாதையாகத் தலையசைத்தார். யாரென்று தெரியவில்லை என்பது இப்போது புரிகிறது.

மேடையில் கென்னத். நடனத்தை அறிவிப்பது அவன் வேலை. என்னிடம் படித்தவன். புது நடனம் என்றால் பாட்டுக்கு முன் ஒருமுறை வெறுமனே நடந்து பார்ப்பது வழக்கம். "மூணு வாரமா வகுப்புல இதையேதான் ஆடிட்டு இருக்கோம், நேராவே ஆரம்பிச்சுடலாமா டீச்சர்?" என்று கேட்டான். வகுப்புக்கு வில்மா வந்திருக்கவில்லை. நான் சரி என்றேன்.

அக்கார்டியன் தொடங்கியது.

முதல் பதினாறு தாளம் வில்மா எழுதியபடியேதான் இருந்தது. முதல் பெண் வந்து கை நீட்டினாள். மர்டோவின் வலது கை எழுந்தது, இம்மி பிசகாமல். அடுத்து நான். பெரிய கை, சூடாக இருந்தது. அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். எதிரே வில்மா வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தாள். அவள் முகத்தை அப்படி நான் அதற்கு முன் பார்த்ததில்லை, பின்னாலும் பார்க்கப்போவதில்லை.

பதினேழாவது தாளத்தில் எல்லோரும் நகர்ந்தோம். மர்டோ நகரவில்லை.

தெரியாமல் நிற்பவரை நாசூக்காகத் தள்ளிவிடுவது எங்கள் பழக்கம். யாரும் குறை சொல்ல மாட்டார்கள், உதவிதானே. ஆர்ச்சி பின்னாலிருந்து தோளைத் தொட்டார். முதல் ஆண் கையைப் பிடித்து இழுத்தார். நான் குறுக்கே வந்து அவர் முழங்கையைப் பிடித்தேன்.

"மர்டோ, மேல ஓரிடம் போகணும். போங்க."

"விடு ஐரீன்," என்றாள் வில்மா. "அவரு அங்கயேதான் நிக்கணும். எழுதியிருக்கேனே!"

"புத்தகத்துல மேல போறதாத்தான் இருக்கு," என்றேன். சத்தியமாக அப்படித்தான் சொன்னேன். சொல்லிக்கொண்டே அவரைத் தள்ளினேன்.

அவர் உடம்பு முழுக்க விறைத்தது. அப்புறம் கையை வீசினார். நடுவில் வில்மா புகுந்துவிட்டாள். அவள் மேலுதடு கிழிந்து ரத்தம் ரவிக்கையில் கொட்டியது. பாட்டு நின்றது. மர்டோ தரையில் உட்கார்ந்து தலையைக் கைகளால் மூடிக்கொண்டு, "யார் இவங்கல்லாம்? என்னை எங்க இழுக்கறாங்க? வில்மாவைக் கூப்பிடுங்க, வில்மாவைக் கூப்பிடுங்க" என்று கதறினார். வில்மா அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அங்கேயேதான் இருந்தாள். அவள்தான் வில்மா என்று அவருக்குத் தெரியவில்லை.

அவர் இல்லத்துக்குப் போனார். பிப்ரவரியில் நிமோனியா வந்து செத்துப்போனார். இடையில் ஒரு தடவைகூட அவர் தாளத்துக்குக் கை நீட்டவில்லை என்று அங்கே வேலை செய்யும் பெண் சொன்னாள். பாட்டைப் போட்டாலே கையைப் பின்னால் ஒளித்துக்கொள்வாராம்.

பதினான்காம் எண் காகிதத்தைத் தேடியெடுத்தேன். அவள் எழுதியதை ஒரு புள்ளிகூட மாற்றாமல் அச்சடித்து, விற்ற பிரதிகளிலெல்லாம் என் கையாலேயே ஒட்டினேன். வீடு வீடாகப் போனேன். கடைசியாக வில்மா வீட்டுக்குப் போனேன். உட்காரச் சொன்னாள், டீ போட்டாள். உதட்டில் தழும்பு. காகிதத்தை நிதானமாகப் படித்தாள்.

"சரியா இருக்கு," என்றாள்.

"அடுத்த வியாழக்கிழமை ஆடலாம் வில்மா. நீ எழுதினபடியே, அப்படியே."

"ரெண்டாவது ஆம்பளையா யாரு நிப்பா?"

அதற்கும் நான் பதில் தயாராக வைத்திருந்தேன். டீச்சர் இல்லையா? "ஆர்ச்சியைக் கேட்டுட்டேன். நிக்கறேன்னுட்டாரு," என்றேன்.

அவள் கோபப்படவில்லை. பட்டிருந்தால் தேவலை.

"ஆர்ச்சிக்குத்தான் நல்லா ஆட வருமே, ஐரீன்," என்றாள். "அவரை எதுக்கு நிக்க வைக்கணும்?"