பன்னிரண்டு வெள்ளை ஃபைட்டர்கள்

என் அக்கா பெயிண்ட் கடையில் இருபது வருடமாக நிறம் கலக்குகிறாள். சுவரிலிருந்து உதிர்ந்த சில்லைக் காட்டினால் போதும், அதே நிறத்தை டப்பாவில் ஊற்றித் தருவாள். அதனால் நிற விஷயத்தில் வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம். எதிர்த்துப் பேசினால் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

மீதி நேரமெல்லாம் ஃபைட்டர் மீன்கள். துடுப்போரம் வெளுத்த பட்டாம்பூச்சி ரகம், மாசத்துக்கு ஒரு தினுசாகத் திட்டு மாறும் மார்பிள், எல்லாம் வளர்த்தாள். ஆனால் அவள் ஆசைப்பட்டது ஒரு பொட்டுக் கறைகூட இல்லாத வெள்ளை. நாலு வருடம் ஜோடி சேர்த்துப் பார்த்து, ஒருவழியாகப் பன்னிரண்டு தேறின. பார்த்தாலே ஒன்றையொன்று குதறிவிடும் என்று தனித்தனி பாட்டில், நடுவில் அட்டை, மீனுக்கு நோய் வராமலிருக்கத் தண்ணீரில் ஒரு துண்டு காய்ந்த பாதாம் இலை.

மூன்று மாதம் முன்பு ஆரம்பித்தாள்.

"இலைச்சாறு ரொம்ப இறங்கிடுச்சுடா. தண்ணி மஞ்சளா இருக்கு, மாத்தணும்."

வாரம் ஒருமுறை கொஞ்சமாக மாற்றியது போய், தினமும் முழுத் தண்ணீரையும் மாற்றினாள். மாடிக்குக் குடம் சுமந்தது நான். "மீனைக் குளிப்பாட்டியே என் முதுகு போச்சு" என்று முணுமுணுத்தேனே தவிர, பாட்டிலுக்குள் ஒருநாளும் எட்டிப் பார்க்கவில்லை. அவ்வளவு சோம்பேறி நான்.

தினமும் புதுத் தண்ணீர் ஒத்துக்கொள்ளாமல் மீன்கள் துடுப்பைச் சுருட்டிக்கொண்டு அடியில் கிடந்தன. ஒவ்வொன்றாக ஒன்பது போய்விட்டது. அக்கா சாப்பாட்டைக்கூட ஒழுங்காகத் தொடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அக்காவின் கடை முதலாளி எங்கள் வீட்டு மாடிக்கே வந்தார். தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"ரெண்டு பேர் டப்பாவைத் திருப்பிட்டாங்கம்மா. வெள்ளை கேட்டா நீலம் அடிக்குதாம்."

"அவங்களுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா? அத விடுங்க, இதப் பாருங்க. இலைத் தண்ணி எவ்வளவு மஞ்சளா இருக்கு!"

அவர் குனிந்து பார்த்தார். "இதுல எங்கம்மா இலை? தண்ணி தெளிவாத்தானே இருக்கு."

போன மாதமே இலையையெல்லாம் எடுத்துப் போட்டவள் அவள்தான். அக்கா ஒரு கண்ணைப் பொத்திப் பார்த்தாள், பிறகு மற்றதை. முகம் வெளிறிவிட்டது.

"கண்ணுல புரை விழுந்திருக்கும்மா, அதான் எல்லாம் மஞ்சளாத் தெரியுது, வெள்ளையில நீலமும் கூடிப்போகுது. டாக்டர்கிட்ட காட்டுங்க. அதுவரைக்கும் பில் போட உட்காருங்க" என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பினார்.

அக்கா அழவில்லை. மிச்சமிருந்த மூன்று பாட்டில்களையும் வரிசையாகத் தடவினாள்.

"தண்ணி எப்படிடா இருக்கு? நீ சொல்லு."

"தெளிவா இருக்குக்கா."

"மூணு மாசமா நீதானே தூக்கிட்டு வந்தே" என்றாள். "உன் கண்ணு நல்லாத்தானேடா இருக்கு?"