சூசைக்காகச் சொன்ன பத்துக் கட்டளை

போன வாரம் காரைக்குடியில், ஆபீசுக்கு எதிர் மெஸ்ஸில் சாப்பிட உட்கார்ந்தேன். இலையில் சோறு விழுந்ததும் என் வலது கை தானாக எழுந்து நெற்றி, நெஞ்சு, இடது தோள், வலது தோள் என்று ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தது. பக்கத்தில் இருந்த மேனேஜர் என் நெற்றியைப் பார்த்தார். காலையில் பூசிய திருநீறு அங்கே அப்படியே இருந்தது.

"தம்பி, நீங்க எந்தப் பக்கம்?" என்றார்.

"கான்வென்ட்ல படிச்சேன் சார்" என்றேன். அது பதில்தானா என்று எனக்கே தெரியவில்லை. சாம்பார் வந்துவிட்டதால் அவரும் மேலே கேட்கவில்லை.

கான்வென்ட் என்றதும் நீங்கள் டையும் ஷூவுமாக நினைத்துக்கொள்ள வேண்டாம். எங்களுடையது தேவகோட்டைப் பக்கம் சிஸ்டர்மார் நடத்திய, தமிழில் சொல்லிக்கொடுத்த, மத்தியானம் சத்துணவு போட்ட பள்ளிக்கூடம். எங்கள் வீட்டில் அதற்கு முன் பள்ளிக்கூடம் போனவர் யாருமில்லை. அப்பா என்னை அங்கே கொண்டுபோய் விட்டதற்கு ஒரே காரணம்தான்: "சிஸ்டர்மாருதான் அடிச்சுச் சொல்லிக்குடுப்பாக." அவர் நம்பிய அளவுக்கு அவர்கள் அடிக்கவில்லை. அப்பாவுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

சத்துணவுக் கூடத்தில் பினாயில் வாசனையும் சாம்பார் வாசனையும் சேர்ந்தே வரும். கண்ணை மூடி ஜெபம் சொல்லி முடித்த பிறகுதான் தட்டில் கை வைக்கலாம். முட்டை போடுகிற நாளில் ஜெபம் கொஞ்சம் வேகமாக ஓடும். ஐந்து வருடம் அங்கே என்னதான் படித்தோம் என்று யோசித்தால், வாய்ப்பாடு ஏழுக்கு மேல் இப்போது தடுமாறுகிறது. வரிசையில் நிற்பது, நகம் வெட்டுவது, சிஸ்டர் உள்ளே வந்தால் எழுந்து "தோத்திரம் சிஸ்டர்" என்று இழுப்பது, இதெல்லாம் மட்டும் உடம்போடு ஒட்டிக்கொண்டுவிட்டது. வீட்டில் பள்ளிக்கூட நோட்டீஸ் எதுவானாலும் நான்தான் படித்துச் சொல்ல வேண்டும். நான் என்ன படித்தேனோ அதுதான் அதில் எழுதியிருந்தது. அந்த வயதில் அது கொஞ்சம் ஆபத்தான அதிகாரம்.

காலையில் முதல் பீரியடில் வகுப்பு இரண்டாகப் பிரியும். கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி, எங்களுக்கு நன்னெறி. நடுவில் ஒரு மரத் தட்டிதான். நன்னெறியில் எறும்புக் கதையும் குருவிக் கதையும் சொல்வார்கள். என் காது தட்டிக்கு அந்தப் பக்கம் இருக்கும். அங்கே எல்லோரும் ஒரே குரலில் மந்திரம் சொல்வார்கள். ஜெபங்களுக்கு எங்கள் பக்கம் மந்திரம் என்றுதான் பேர். கேட்டுக் கேட்டே எனக்குப் பாடமாகிவிட்டது. பத்துக் கட்டளையைக் கடைசியிலிருந்து முதலுக்கும் சொல்வேன்.

தட்டிக்கு அந்தப் பக்கமே உட்கார்ந்திருந்த சூசைக்குத்தான் வரவில்லை. மற்ற பீரியடில் அவன் என் பெஞ்சுக்காரன். நாலாம் வகுப்பில் அவனுக்குப் புதுநன்மை, அதாவது பூசையில் முதல் தடவையாக நன்மை அப்பம் வாங்குகிற நாள், வரவேண்டியிருந்தது. அதற்கு முன் பங்குச்சாமியிடம், அதாவது ஊர்ச் சர்ச்சுப் பாதிரியாரிடம், மந்திரங்களை ஒப்பிக்க வேண்டும். சொல்லாதவர்களுக்கு அடுத்த வருடம். சூசையை ஏற்கெனவே ஒரு தடவை திருப்பி அனுப்பியிருந்தார்கள். அப்போது தைத்த வெள்ளைச் சட்டையை அவன் தம்பி போட்டுக் கிழித்தும் ஆகிவிட்டது.

"இந்தத் தடவையும் திரும்பி வந்தே, ஒன் தம்பியோட சேத்துத்தான் ஒனக்கும் புதுநன்மை" என்று அவன் அம்மா சொல்லியிருந்தார். சூசை அதற்குத்தான் பயந்தான்.

"தட்டிக்கு இங்குட்டு இருந்துக்கிட்டு உனக்கு எப்பிடிடா வருது?" என்று கேட்பான். பிறகு அவனே, "உன்னயத்தான் யாரும் கேக்க மாட்டாகள்ல, அதான் வருது" என்பான்.

ஒப்பிக்கிற சனிக்கிழமை, தைரியத்துக்கு நானும் கோயிலுக்குக் கூடப் போனேன். சாமி அந்தப் பங்குக்குப் புதிதாக வந்தவர், பிள்ளைகளின் முகம் தெரியாது. கையில் பேர் எழுதிய தாள். "சூசை" என்று கூப்பிட்டார். நாங்கள் இரண்டு பேரும் போய் நின்றோம்.

"பத்துக் கட்டளை சொல்லு."

சூசை வாயைத் திறந்தான். திறந்தபடியே நின்றான். எனக்குப் பொறுக்கவில்லை. நான் ஆரம்பித்தேன், பத்தையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். தாளில் டிக் அடித்துவிட்டுத்தான் சாமி நிமிர்ந்தார்.

"கெட்டிக்காரன். நீதான சூசை?"

"ஆமா சாமி" என்றேன்.

"அப்ப இவன் யாரு?"

"நான் சும்மா கூட வந்தேன் சாமி" என்றான் சூசை.

வரிசையில் நின்ற ஒருவரும் காட்டிக்கொடுக்கவில்லை. பொய்ச்சாட்சி சொல்லாதே என்று எட்டாவது கட்டளையைச் சொல்லி அரை நிமிடம்கூட ஆகியிருக்காது.

நாங்கள் யோசிக்காதது ஒன்று இருந்தது. புதுநன்மைக்கு முந்தின நாள் பாவசங்கீர்த்தனம், செய்த தப்பை எல்லாம் அதே சாமியிடம் சொல்ல வேண்டும். சூசை மூன்று நாள் சாப்பிடவில்லை. சொன்னால் இந்தத் தடவை தைத்த புதுச் சட்டையும் போச்சு. சொல்லாமல் நன்மை வாங்கினால் அது இன்னும் பெரிய பாவம் என்று சிஸ்டர் வகுப்பில் சொல்லியிருந்தார். கடைசியில், "சொல்லீர்றேன்டா. உன்னோடதயும் சேத்து நானே சொல்லீர்றேன்" என்றான்.

அது எனக்குச் சரியாகப் படவில்லை. சிஸ்டரிடம் போய், நானும் உள்ளே போய்ச் சொல்லலாமா என்று கேட்டேன்.

"உனக்கு அது கெடையாதுப்பா. உங்க சாமிகிட்டச் சொல்லிக்க" என்று சிரித்தார்.

எங்கள் குலசாமி கையில் அரிவாளோடு நிற்பவர். அவரிடம் போய்த் தப்பை ஒப்புக்கொள்ள எனக்கு அவ்வளவு அவசரமில்லை.

மற்ற பிள்ளைகள் இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டு வந்தார்கள். சூசை உள்ளே போனவன் வர நேரமானது. வந்தும் கோயிலை விட்டு வெளியே வராமல், முன் பெஞ்சில் முழங்காலில் நின்றான். வாசலிலிருந்து பார்த்தேன். விரலை மடக்கி எதையோ எண்ணினான், நடுவில் நின்றான், மறுபடி முதலிலிருந்து எண்ணினான். வெயில் இறங்குகிற வரை அப்படியே. பிறகு முழங்காலைத் தேய்த்துக்கொண்டு வந்து, "பத்தும் வந்துருச்சுடா" என்றான். சாமி என்ன சொன்னார் என்று கேட்டதற்கு, "அத வெளிய சொல்லக்கூடாது" என்றான். மறுநாள் வெள்ளைச் சட்டையில் வரிசையில் போனான்.

அந்தத் தட்டி இப்போது இல்லை, சுவர் எழுப்பிவிட்டார்கள். பள்ளிக்கூடம் இங்கிலீஷ் மீடியம் ஆகிவிட்டது. சாமியும் சிஸ்டரும் மாற்றலாகி எங்கெங்கோ போனார்கள். கல்யாணத்துக்கு முன் மாப்பிள்ளையையும் பெண்ணையும் கூப்பிட்டு மந்திரம் கேட்கிற வழக்கம் ஒன்று உண்டு. அதுவும் எங்கள் பக்கம் நின்றுவிட்டது, ஒரு வகுப்புக்குப் போய்வந்தால் சர்டிபிகேட் கொடுத்துவிடுகிறார்கள். எனக்கு இது சூசையின் கல்யாணத்தில்தான் தெரிந்தது. லோடு வண்டி ஓட்டுகிறான். கோட்டும் மாலையுமாக என்னைத் தனியே இழுத்துக்கொண்டு போனான்.

"ஒரு மாசமா வண்டியில சொல்லிச் சொல்லிப் பாத்தேன்டா. ஒருத்தரும் கேக்கல."

"சரி, எங்கிட்டச் சொல்லு" என்றேன்.

கையைக் கட்டிக்கொண்டு ஆரம்பித்தான். நடுவில் போட்டோக்காரர் வந்து, "மாப்ள, வாங்க, பொண்ணு வீட்டுல காத்துக்கிட்டிருக்காக" என்றார்.

"இருங்கண்ணே" என்றான் சூசை, "இன்னும் மூணு இருக்கு."