ஈரத்துணி முப்பது

சண்முகத்தாய்க்கு வாய் அதிகம் என்று ஊரில் சொல்வார்கள். அதிகம்தான். அதை எதற்குத் திறந்தாள் என்பதையும் சேர்த்துச் சொன்னால் நியாயமாக இருக்கும்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து செண்பகத்தோப்பு போகும் வழியில் அவள் ஊர். நூறு நாள் வேலையில் வருகைப் பதிவு அவள் பொறுப்பு. காலையில் ஒரு போட்டோ, மதியம் ஒரு போட்டோ. இரண்டாவது விழாவிட்டால் அன்றைய உழைப்பு வீண். போன வைகாசியில், வானம் மூடிக் கிடந்த ஒருநாள், அந்த இரண்டாவது போட்டோவுக்காக வீட்டுக்குப் போகாமல் கண்மாயில் மண் சுமந்த அய்யம்மாள் சட்டியோடு சரிந்தாள். மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தாள்.

"அன்னைக்கு வெயிலே இல்லையே!" என்றார் ஊராட்சிச் செயலர் தங்கச்சாமி.

அதற்குப் பதில் ராஜபாளையத்திலிருந்து வந்தது. வெப்பத்தை ஆராயும் சிவரஞ்சனி அங்கிருந்து வந்து, கண்மாய்க்கரை வேம்பில் இரண்டு தெர்மாமீட்டர்களைக் கட்டினாள். ஒன்றின் நுனியில் ஈரத்துணி. வேர்வை காய்ந்தால் உடம்பு ஆறுவதைப் போல, துணி காய்ந்தால் நுனி ஆறும். காற்றில் ஈரம் கூடினால் நுனியும் ஆறாது, உடம்பும் ஆறாது. ஈரத்துணி முப்பது டிகிரியைத் தொட்டால் மண் சுமக்கக் கூடாது என்றாள். சண்முகத்தாய் தினமும் மூன்று வேளை நோட்டில் குறித்தாள்.

காந்தி ஜெயந்தி கிராம சபையில் நோட்டைக் காட்டித் தீர்மானம் கேட்டாள். ஈரத்துணி முப்பது தொட்டால் வேலை நிற்க வேண்டும், விட்டதை மறுநாள் விடியலில் தொடங்கி முடிக்கலாம். எல்லாரும் கை தூக்கினார்கள். ஆனால் வழக்கம்போல நுழையும்போதே வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டார்களே, அதன்பின் செயலர் எதை எழுதினாலும் செல்லுமே! பிறகு தீர்மானப் புத்தகத்தைப் பார்த்தால் தெருவிளக்கு இருந்தது, ஈரத்துணி இல்லை.

மே தின கிராம சபைக் கூட்டத்தில் வருகைப் பதிவேட்டை நீட்டியபோது பெண்கள் ஒருவரும் பேனாவைத் தொடவில்லை.

"போடுங்கம்மா. ஆள் சேரலைன்னா கூட்டமே செல்லாது" என்றார் தங்கச்சாமி.

"அது தெரிஞ்சுதான் உக்காந்திருக்கோம்" என்றாள் சண்முகத்தாய். "மொதல்ல தீர்மானத்தை எழுதுங்க. பொறவு போடுதோம்."

அவர் சிரித்தார். "முப்பதுக்கெல்லாம் வேலைய நிறுத்துனா கொடைக்கானல்லதான் கண்மாய் வெட்டணும்."

"அது காத்தோட சூடு இல்ல சார். எம்புட்டு வேர்த்தாலும் ஆறாத சூடு. வேணும்னா பத்து சட்டி சுமந்து பாருங்க. செத்த நேரம் காத்திருக்கோம்."

"மேல இருந்து உத்தரவு வரணும்."

"இங்கேருந்து தீர்மானம் போனாத்தான அவியளுக்குத் தெரியும்? இந்த நோட்டையும் நகல் எடுத்துக் கூடவே அனுப்புங்க."

ஒரு மணி நேரம் ஓடியது. வாங்கி வைத்த டீ ஆறிப்போனது. ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை. கடைசியில் தங்கச்சாமி எழுதினார். சண்முகத்தாய் வாங்கிச் சத்தமாக வாசித்தாள். 'மறுநாள் விடியலில்' என்பது விட்டுப்போயிருந்தது. அதையும் எழுத வைத்தாள். பிறகு பேனாவை அய்யம்மாளிடம் நீட்டினாள்.

அய்யம்மாள் நிதானமாகக் கையெழுத்துப் போட்டுவிட்டுச் செயலரைப் பார்த்தாள்.

"வெயிலே இல்லாத நாள்லதான் நான் விழுந்தேன். அதையும் எழுதிக்கோங்க."