பாண் லொறியின் கதவைத் தட்டியவர்கள்

சாட்சி சொல்ல வருகிறவர்கள் கண்ணீரோடு நிற்பதைப் பார்த்திருக்கிறேன். எனக்குக் கண்ணீர் வராது. இரண்டு வருடமாகியும் ஆறாத கோபத்தோடுதான் உங்கள் முன்னால் நிற்கிறேன். ஆனாலும் ஆண்டவர் செய்ததைச் சொல்லாமல் விட்டால் நான் நன்றி கெட்டவள்.

என் பெயர் றெஜினா. கணவர் அன்ரன். மகள் டிலானிக்கு அப்போது ஒன்பது வயது. சண்டையில் யாழ்ப்பாணத்தை விட்டு வந்து கொழும்பில் கொட்டாஞ்சேனையில் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தோம். இவரிடம் ஒரு பழைய லொறி இருந்தது. நாலு பக்கமும் தகரம் அடித்த பெட்டி, பின்னால் இரட்டைக் கதவு. விடியற்காலையில் பேக்கரியில் பாண் ஏற்றி வத்தளைக் கடைகளுக்குப் போட்டுவிட்டு வருவார். அதுதான் எங்கள் சீவியம்.

தவக்காலம் தொடங்கிய வாரம் நகரத்தில் குண்டு வெடித்தது. மூன்றாம் நாள் வீட்டுக்காரர் வாசலில் வந்து நின்றார். அவரும் தமிழர்தான், எங்களோடு ஒரே கோயிலில் பூசை காண்கிறவர்.

"தங்கச்சி, நான் உங்களைப் பிழையா நினைக்கேல்லை. ஆனா யாழ்ப்பாணத்து ஐடென்டிகாட் உள்ள ஆக்களை வைச்சிருந்தா என்னையும் ஏத்திக்கொண்டு போவாங்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள்ளை அறையை விடுங்கோ."

வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் ஒழுங்கை ஒழுங்கையாக ஏறி இறங்கினோம். கதவைத் திறந்ததும் முதல் கேள்வி, "எந்த ஊர்?" பதிலைச் சொன்னதும் அறை நேற்றுத்தான் கொடுபட்டுப் போனது என்பார்கள். எங்கள் செபக்கூட்டத்தில் ஒரு சகோதரியின் வீட்டில் கார் இல்லாத கராஜ் பூட்டிக் கிடந்தது. கேட்டேன். "ஆண்டவர் உங்களைச் சோதிக்கிறார் றெஜினா, பொறுமையா இருங்கோ" என்றார். அந்தச் சொல்லை நான் இன்னும் மறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பாண் தட்டுகளைக் கழற்றிவிட்டு லொறிக்குள் பாய் விரித்தோம். மரம் விற்கிற ஒரு மரக்காலை பூட்டிக் கிடந்தது. அதன் மதிலோரம் நிறுத்தினோம். தண்ணீர் றோட்டுப் பைப்பில். மற்றத் தேவைகளுக்குப் பேக்கரிக்கு ஓட வேண்டும்.

அந்தப் பகுதியில் களவு அதிகம். முதல் கிழமையே பற்றறியைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பெட்டிக்கு வெளியில் மட்டுந்தான் தாழ்ப்பாள் இருந்தது. இவர் உள்ளேயும் பூட்ட ஒரு திறாங்கு ஒட்டுவித்து, இரண்டு கதவுக்கும் குறுக்கே ஓர் இரும்புப் பட்டமும் போட்டார். எல்லாவற்றையும் விடப் பாதுகாப்பாக இருந்தது அவர் லொறியை நிறுத்திய விதம். பின்கதவு மதிலோடு ஒட்ட, ஒரு சாண் இடைவெளிகூட இல்லாமல் பின்னுக்கு எடுத்து நிறுத்துவார். நாங்கள் முன்பக்கத்தில் ஒரு பலகையைக் கழற்றிச் சாரதி ஆசனம் வழியாக ஏறி இறங்குவோம். கள்வன் வந்தாலும் கதவைத் தொட முடியாது. டிலானி பயமில்லாமல் நித்திரை கொண்டாள்.

எதிர்வீட்டு மேல்மாடியில் சோமபால என்று ஒரு சிங்கள மனிதர் இருந்தார். கந்தோரில் எழுத்து வேலை செய்து ஓய்வுபெற்ற லிகிதர். ஒருநாளும் எங்களைப் பார்த்துச் சிரித்ததில்லை. அவர் பொலிசுக்குப் பெட்டிசம் எழுதினார். இரவில் ஒரு தமிழருடைய மூடிய லொறி நிற்கிறது, உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியவில்லை என்று.

பொலிஸ் வந்து எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் போட்டுப் பார்த்தது. பாய், சட்டி பானை, பிள்ளையின் பள்ளிக்கூடப் புத்தகம். ஒன்றும் கிடைக்கவில்லை. போகும்போது ஒரு கட்டளை போட்டார்கள். பின்கதவு றோட்டுப் பக்கம் இருக்க வேண்டும். முன்பலகையை அடைத்துவிட வேண்டும். எந்த நேரம் தட்டினாலும் உடனே திறக்க வேண்டும்.

"ஐயா, கள்ளர் வருவாங்கள்" என்று இவர் சொன்னார்.

"திறக்காட்டி நாங்கள் சுடுவோம்" என்றார் அந்த அதிகாரி.

நாங்கள் என்ன செய்வது? பூட்டினால் சுடுவார்கள். திறந்தால் கள்வன் வருவான். மேல்மாடி ஜன்னலைப் பார்த்து அன்றைக்கு நான் சபித்தேன். அந்த மனிதனுடைய கை விளங்காமல் போகட்டும் என்று செபமாலையைப் பிடித்துக்கொண்டே கேட்டேன். வெட்கப்பட்டாலும் சொல்லத்தான் வேண்டும்.

அந்தக் கட்டளை போட்ட ஒன்பதாம் நாள் இரவு கதவில் தட்டினார்கள். "பொலிசியென், தொர அரின்ன!" பொலிஸ், கதவைத் திற. இவர் எழும்பித் திறந்தார். மூன்று பேர். ஒருவன் கையில் கத்தி. பொலிஸ் என்று சொன்னால் நாங்கள் திறப்போம் என்பது அந்தத் தெருவுக்கே தெரிந்திருந்தது. என் தாலிக்கொடியைக் கழற்றச் சொன்னார்கள். தையல் மெஷினைத் தூக்கினார்கள். தலைமாட்டில் இருந்த பையையும் எடுத்துக்கொண்டு போனார்கள். கொழும்பில் இருப்பதற்குப் பொலிஸ் தந்த பதிவுத் துண்டுகள் அந்தப் பைக்குள் இருந்தன.

விடிந்ததும் இவர் முறைப்பாடு கொடுக்கப் போனார். "பதிவு எங்கே?" என்று கேட்டார்கள். அதைத்தான் களவெடுத்துவிட்டார்கள் என்றார். "நல்ல கதை" என்று சொல்லி உள்ளே போட்டுவிட்டார்கள். களவு கொடுத்தவன் கம்பிக்குப் பின்னால். களவெடுத்தவன் என் தாலியை விற்றுக்கொண்டிருந்தான்.

நான் ஸ்டேசன் வாசலில் இரண்டு நாள் நின்றேன். பார்க்க விடவில்லை. கோயிலுக்குப் போனேன், உள்ளே கால் வைக்கவில்லை. படியில் நின்று, "உம்மோடு எனக்குக் கதை இல்லை" என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். அறிவு தெரிந்த நாளிலிருந்து செபிக்காமல் படுத்தது அந்த இரவுகளில்தான்.

மூன்றாம் நாள் இரவு. லொறி மூன்று காலையாக அசையாமல் நிற்பதைக் கண்டவர்களுக்கு ஆம்பிளை இல்லை என்பது விளங்கியிருக்கும். நான் திறாங்கைப் போட்டேன். இரும்புப் பட்டத்தையும் போட்டேன். வெறும் பால்மா ரின்களைக் கதவில் கட்டினேன். தலைமாட்டில் மிளகாய்த் தூளும் நிலம் கிண்டுகிற இரும்பு அலவாங்கும். உள்ளே வெக்கை தாங்க முடியவில்லை. பிள்ளைக்குக் கடதாசி மட்டையால் விசிறிக்கொண்டிருந்தேன்.

ரின் கிலுங்கியது. பிறகு தட்டினார்கள்.

"பொலிசியென்! தொர அரின்ன!"

டிலானி விழித்து என் சட்டையைப் பிடித்தாள். "அம்மா, திறவுங்கோ. திறக்காட்டிச் சுடுவாங்கள்."

"பொறு பிள்ளை."

"சுடுவாங்கள் அம்மா!"

குரலை வைத்து எப்படி அறிவது? முதல் முறையும் இதே சொல், இதே அதட்டல். உண்மையான பொலிசாக இருந்தால் நான் திறக்காததற்குத் தகரத்துக்குள்ளால் வெடி வரும். கள்வராக இருந்தால், என்னிடம் எடுக்க இனி என்ன இருந்தது? நானும் என் பெண் பிள்ளையும் மட்டும்.

அப்போது நான் செபித்தேன். முழங்காலில் நிற்கவில்லை. அலவாங்கைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். "நீர் என் வீட்டை எடுத்தீர், விட்டேன். என் மனுசனை எடுத்தீர். இந்தப் பிள்ளையைத் தரமாட்டேன். உமக்குக் கண் இருந்தால் வெளியில் நிற்கிறது யாரென்று பார்த்து எனக்குச் சொல்லும். வேறொன்றும் கேட்கவில்லை. இப்பவே சொல்லும்!"

கதவுப் பிணைச்சலில் இரும்பை விட்டு நெம்பத் தொடங்கினார்கள். பட்டம் முனகியது.

அந்த நேரம் மேலேயிருந்து ஒரு குரல் தெருவையே கிழித்தது.

"நோனா, அரின்ன எப்பா! பொலிசிய நெவெய்! ஹொரு! ஹொரு!"

அம்மா, திறக்காதே. பொலிஸ் இல்லை. கள்வர்.

சோமபாலவின் குரல். அதோடு ஏதோ பெரிய சாமான் றோட்டில் விழுந்து உடைந்தது. பூச்சாடியைத் தூக்கிப் போட்டிருக்கிறார். மற்ற வீடுகளில் லைற் எரிந்தது, ஆட்கள் கத்தினார்கள், ஓடுகிற செருப்புச் சத்தம் கேட்டது. நான் விடியும்வரை கதவைத் திறக்கவில்லை. அலவாங்கையும் விடவில்லை.

காலையில் அவர் கீழே வந்து நின்றார். உடைந்த சாடியின் மண் அவருக்கும் எனக்கும் நடுவில் கிடந்தது. அவருக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும்.

"நோனா, பொலிஸ் செருப்பு போட்டு வாறதில்லை. நான் மேலே இருந்து கால் பார்த்தது."

"நீங்கள் எப்படி அந்த நேரம் முழிச்சிருந்தீங்கள்?" என்று கேட்டேன். நன்றி என்று சொல்ல வாய் வரவில்லை.

அவர் நிலத்தைப் பார்த்தார். "மூணு நாள் எனக்கு நித்திரை இல்லை. நான் பெட்டிசம் எழுதினது. அதாலைதான் கதவு இந்தப் பக்கம் திரும்பினது. நான் பயந்து எழுதினது நோனா. பொம்ப் எண்டு நினைச்சது. உள்ளே சின்னப் பிள்ளை இருக்கு எண்டு தெரியாது."

"நீங்கள் ஒருக்கா வந்து கேட்டிருக்கலாமே!" என்று கத்தினேன். தெருவே பார்த்தது. மூன்று நாள் அடக்கி வைத்திருந்த அவ்வளவும் அந்த மனிதர் மேல் கொட்டியது. நான் கத்தி முடியும்வரை அவர் நின்றார். பிறகு மேலே போய் வெள்ளை உடுப்புப் போட்டுக்கொண்டு வந்தார்.

"வாங்க. ஸ்டேசனுக்குப் போவம்."

அங்கே அவர் சிங்களத்தில் நீளமாகக் கதைத்தார். அந்த மூன்று பேரும் களவெடுத்ததை மேலேயிருந்து தானே பார்த்ததாகவும், அன்றைக்குப் பயத்தில் வாய் திறக்காமல் இருந்ததாகவும் சொன்னார். அது எனக்கே அப்போதுதான் தெரியும். இந்தக் குடும்பத்துக்குத் தானே பொறுப்பு என்று கையெழுத்து வைத்தார். இரண்டு நாள் கழித்து இவரை விட்டார்கள். வலது காது இன்றுவரை சரியாகக் கேட்பதில்லை. ஏன் என்று நான் அவரிடம் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. அந்தக் காதை நினைத்தால் இப்போதும் என் உடம்பு எரிகிறது.

சோமபால இன்னொரு பெட்டிசமும் எழுதினார். இது பாண் லொறி, இந்த மனிதர்களை எனக்குத் தெரியும், இவர்கள் கதவை மதில் பக்கம் வைத்துப் படுக்க அனுமதிக்க வேண்டும் என்று. அனுமதித்தார்கள். இன்னும் இரண்டு மாதம் அப்படித்தான் படுத்தோம். பிறகு பேக்கரி முதலாளி மூலமாக வத்தளையில் இப்போது இருக்கிற அறை கிடைத்தது. தாலி கிடைக்கவில்லை. தையல் மெஷினும் கிடைக்கவில்லை.

சகோதர சகோதரிகளே, நான் எல்லாரையும் மன்னித்துவிட்டேன் என்று பொய் சொல்லமாட்டேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் போகச் சொன்னவரை இன்னும் மன்னிக்க முடியவில்லை. பூட்டிய கராஜை நினைத்தால் இன்னும் கசக்கிறது. அதற்கும் செபிக்கிறேன், பல்லைக் கடித்துக்கொண்டுதான். ஆனால் ஒன்றை அறிவேன். நான் யாருடைய கை விளங்காமல் போகட்டும் என்று கேட்டேனோ, அந்தக் கையாலேயே ஆண்டவர் என் பிள்ளையைக் காத்தார். கேட்கக் கூடாததை நான் கேட்டபோது அவர் கொடுக்கவில்லை. கேட்க வேண்டியதைக் கேட்டபோது ஒரு நிமிடமும் பிந்தவில்லை. ஒரு மனிதனின் நித்திரையை மூன்று நாள் கெடுத்து, அவரை அந்த ஜன்னலில் கொண்டுவந்து நிறுத்தி வைத்திருந்தவர் யார்? எனக்குச் சந்தேகமில்லை.

இப்போது தெருவில் யாருடைய சத்தம் கேட்டாலும் நான் எழும்பி லைற்றைப் போடுகிறேன். யாரென்று கேட்கிறேன். முன்பெல்லாம் செபம் என்றால் நல்ல பிள்ளையாக, மெதுவாக, மனப்பாடமாகச் சொல்வேன். இப்போது உள்ளதை உள்ளபடி சொல்கிறேன்.

இங்கே இருக்கிறவர்களில் ஆண்டவரோடு கோபித்துக்கொண்டு கதையாமல் இருக்கிறவர்கள் இருப்பீர்கள். கணவனைப் பிடித்துக்கொண்டு போனதால், பிள்ளை காணாமற்போனதால், வீடு எரிந்ததால். பொறுமையாக இருங்கள் என்று நான் உங்களுக்குச் சொல்லமாட்டேன். இன்றைக்கே அவரோடு கதையுங்கள். திட்டுவதென்றாலும் அவரிடமே போய்த் திட்டுங்கள். நான் திட்டினேன். அவர் கேட்டார்.