நடந்து வந்த பறவைகள்

பறவைகள் பறக்கவில்லை. மூன்று பருவமாகப் பிழையாய்ப் போனது அதுதான். மழை, பறவைக் காய்ச்சல், புதுச் சட்டம் என்று நான் ஊரெல்லாம் காரணம் சொல்லித் திரிந்தேன். அவையும் இருந்தன. முக்கியமான காரணத்தின் பெயரை மட்டும் சொல்லவில்லை. அது என் பெயர்.

வேட்டைக்காடு நடத்துவது கல்யாண மண்டபம் நடத்துகிற மாதிரி. மாப்பிள்ளை ஓடினாலும் ஏச்சு மண்டபக்காரனுக்குத்தான். கியோஸ்க் என்கிற பெட்டிக்கடை வைத்தவர்கள், பீட்சாக் கடை நடத்தினவர்கள், கோயில் சாப்பாட்டுக்குப் பொறுப்பாக நின்றவர்கள், உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நாங்கள் எல்லாரும் ஒரே வாங்குப் பலகையில் இருந்து பேச்சு வாங்கினவர்கள்.

இடம் டென்மார்க்கில், கோல்டிங் நகரத்திலிருந்து கொஞ்சம் உள்ளே. பெரிய பண்ணை, நடுவில் பீச் என்கிற நெடுமரக் காடு. முதலாளி கிர்ஸ்டன், என்னைவிட இளைய பெண். இலையுதிர் காலத்தில் துப்பாக்கியும் வசதியும் உள்ளவர்கள் வந்து ஃபசான் சுடுவார்கள். ஃபசான் என்றால் நீள வால் வைத்த காட்டுக்கோழி என்று வைத்துக்கொள்ளுங்கள். கோடையில் குஞ்சு வாங்கி, காட்டுக்குள் வலையடைத்து வளர்த்து, திறந்துவிட்டு, தீன் போட வேண்டும். வேட்டை நாளில் ஆட்களை வரிசையாக நடக்க விட்டு, தடியால் மரத்தில் தட்டிக் கலைக்க வேண்டும். பறவை மேலே கிளம்ப வேண்டும். நிலத்தில் நிற்கிறதைச் சுடுவது இங்கே மகா அவமானம்.

இதெல்லாம் என் பொறுப்பு. நான் வேலை செய்த பன்றி வெட்டுகிற தொழிற்சாலை மூடினபோது கலைக்கிற ஆளாக அங்கே போனேன். பழைய பொறுப்பாளர் ஓய்வு பெற்றார். வேறு ஒருவரும் வேலையைக் கேட்கவில்லை. வேலையோடு காட்டோரத்தில் ஒரு வீடும் தந்தார்கள். என் தகுதி அவ்வளவுதான்.

முதல் விருந்தினர்

முதல் பருவம் பறவைக் காய்ச்சல். வெளியே விடாதே, வலைக்குள்ளேயே வைத்திரு என்று அரசாங்க உத்தரவு. வைத்திருந்தேன். வாளியில் கோதுமை கொண்டு போய் "பா... பா... பா..." என்று கூப்பிட்டால் ஓடி வரும். கோழியை வேறெப்படிக் கூப்பிடுவது? பழைய பொறுப்பாளர் ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, சத்தம் போடாமல் கொட்டிவிட்டு வா என்றார். கிழவனுக்குப் பொறாமை என்று நினைத்தேன். உத்தரவு நீங்கித் திறந்துவிட்ட பிறகும் கூப்பிட்டேன். சொல்வழி கேட்கிற உயிர் வீட்டில் ஒன்றும் இல்லாதவனுக்கு அது ஒரு சுகம்.

வேட்டை நாள். விருந்தினர் பச்சைத் தொப்பியோடு வயலோரம் வரிசையாக நின்றார்கள். கொம்பு ஊதியாயிற்று. நாங்கள் காட்டுக்குள்ளிருந்து தட்டிக்கொண்டு வந்தோம். நான் ஆட்களை நேராக வரச் சொல்லிக் கத்தினேன். கத்தியிருக்கக் கூடாது. என் குரல் கேட்டதும் பறவைகள் நாலு பக்கத்திலிருந்தும் நடந்து வந்தன. என்னிடம் வாளி இல்லை என்று கண்டதும் விருந்தினரிடம் போய்க் காலிலிருந்த சப்பாத்தைக் கொத்தின. கோப்பன்ஹேகனிலிருந்து வந்த வழக்கறிஞர் ஒருவர், புதுத் துப்பாக்கி, அதை மெல்லத் தாழ்த்தினார். காலடியில் நின்றதைக் குனிந்து பார்த்தார். டெனிஷில் எல்லாருக்கும் "நீ"தான், கோபித்தாலும் "நீ"தான். என்னிடம் கேட்டார்:

"இவைகளுக்கு நீ பெயரும் வைத்திருக்கிறாயா?"

மாறுவேடம்

இரண்டாம் பருவம் மழை. வைகாசியில் தொடங்கினது நிற்கவே இல்லை. நனைந்த பறவை பறக்காது என்று எல்லாருக்கும் சொன்னேன். வெயில் வந்த நாளிலும் பறக்கவில்லை. அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. யோசனை வருவது எனக்கு நல்லதில்லை.

என்னைத் தெரியும் என்பதால்தானே வருகின்றன? யாரோ மறந்துவிட்டுப் போன தொப்பியையும் கோட்டையும் மாட்டிக்கொண்டேன். கழுத்துச் சால்வையால் முகத்தைக் கட்டினேன். சத்தம் போடாமல் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு பறவைகள் மேல் ஓடினேன். முதலில் சரியாகத்தான் போனது. இரண்டு மூன்று மெய்யாகவே பயந்து விலகின. பிறகு சேற்றில் சறுக்கி முகம் குப்புற விழுந்தேன். விழுந்தால் வாயில் என்ன வரும் என்று உங்களுக்குத் தெரியும். அச்சில் போட முடியாது. அந்தக் குரலைக் கேட்டதும் முழுக் கூட்டமும் திரும்பி வந்து என்னைச் சுற்றி நின்று கோட்டுப் பொக்கற்றைக் கொத்தியது.

பக்கத்துப் பண்ணைக்கார யென்ஸ் எப்போது டிராக்டரை நிறுத்தினார் என்று தெரியாது. எஞ்சினை அணைத்துவிட்டு ஆறுதலாகக் கேட்டார்:

"நான் அம்புலன்ஸைக் கூப்பிடட்டா, இல்லை கோதுமை கொண்டு வரட்டா?"

சஷ்டி

வேட்டைப் பருவமும் கந்தசஷ்டியும் ஒன்றாகத்தான் வரும். இரண்டையும் ஒரு வீட்டில் வைத்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று சைவக்காரருக்கு விளங்கும். மனைவி ஆறு நாளும் விரதம். முதியோர் இல்லத்தில் வேலை செய்த காலத்திலும் விட்டதில்லை. நானோ இறகும் இரத்தமுமாக வாசலில் வந்து நிற்பேன். சும்மா உள்ளே போக முடியாது. வெளியில் தோட்டக் குழாயில் குளித்துவிட்டுத்தான் போக வேண்டும். ஐப்பசி கார்த்திகையில் இந்த நாட்டுத் தோட்டக் குழாயைப் பற்றி நான் விளக்கவில்லை. குழாய் உறைந்த நாளில் வாளியில் வெந்நீர் கொண்டு வந்து வைப்பாள். அது இரக்கம். உள்ளே விடமாட்டாள். அது சட்டம்.

அந்த வருசம் குளித்துவிட்டு நடுங்கி நடுங்கி வந்து, வீட்டுக்காரனுக்கு மரியாதை இல்லையா, சாமி என்ன, மிருகம் பறவை வளர்க்கிறவர்களோடு கோபமா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. விளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டே, திரும்பிப் பாராமல் சொன்னாள்:

"முருகனும் மயில் வளர்க்கிறார். ஆக்களைக் கூப்பிட்டுச் சுடச் சொல்லேல்லை."

நண்பருக்குச் செய்த உபகாரம்

நிலத்தில் நின்றது நின்றபடி நிற்க, ஏதோ ஒன்றிரண்டு தவறிப் பறந்து செத்தும் போகும். பாவம், அவைதான் கொஞ்சம் புத்தி குறைந்தவை. அப்படி இரண்டைக் கோல்டிங்கில் இருக்கிற நண்பர் சிவலிங்கத்துக்குக் கொண்டு போய்க் கொடுத்தேன். காட்டு இறைச்சி, இந்த நாட்டில் கண்ணியமான வீட்டில் மட்டும் சமைப்பது என்று பெரிதாகச் சொல்லிக் கொடுத்தேன். உள்ளே இரும்புக் குண்டு இருக்கும், தடவிப் பார்த்து எடுக்க வேண்டும் என்று சொல்ல மறந்துவிட்டேன். மனுசன் நல்லெண்ணெய் விட்டு, சரக்குத்தூள் போட்டு, நாலு குடும்பத்தைக் கூப்பிட்டு விருந்து வைத்திருக்கிறார். அடுத்த நாள் ஃபோன். குண்டைக் கடித்துப் பல் உடைந்திருந்தது, குரல் ஒரு பக்கமாக வந்தது.

"அண்ணை, கோழி எண்டா கோழி, இரும்புக்கடை எண்டா இரும்புக்கடை. ரெண்டையும் ஒரு சட்டியிலை போடாதேங்கோ."

அணிவகுப்பு

மூன்றாம் பருவம் சட்டம். விடக்கூடிய பறவைகளைக் குறைத்துவிட்டார்கள். குறைந்தாலும் என்ன, இருக்கிறதாவது பறந்திருக்கலாம்.

இங்கே ஒரு வழக்கம். வேட்டை முடிந்ததும் ஊசியிலைக் கிளைகளைப் புல்லில் பரப்பி, சுட்டதை வரிசையாக அடுக்குவார்கள். எல்லாரும் தொப்பியைக் கழற்றி நிற்க, கொம்பு ஊதி மரியாதை செய்வார்கள். நல்ல வழக்கம். அந்த நாள் கிளைமேல் கிடந்தது ஒரே ஒரு புறா. அதுவும் வழி தவறி வந்தது. கொம்பு ஊதுகிறவர் என்னைப் பார்த்தார். ஊது என்று தலையாட்டினேன். ஊதும்போது செடிப் பற்றைக்குள்ளிருந்து ஒரு ஃபசான் சேவல் நடந்து வந்து, புறாவுக்குப் பக்கத்தில் கிளைமேல் ஏறி நின்றது. கோதுமைக்காகத்தான். ஒருவரும் சிரிக்கவில்லை. அதுதான் மோசம்.

எல்லாரும் போன பிறகு கிர்ஸ்டன் என்னை அடுக்களைக்குள் கூப்பிட்டுக் கோப்பி ஊற்றினாள். சத்தம் போடுகிறவள் இல்லை. மின்சாரத்துக்குச் சூரியத்தகடு போடுகிற ஆட்கள் காணியைக் கேட்டு வந்திருக்கிறார்களாம். இன்னும் ஒரு பருவம் பார்ப்பாளாம். அப்போதும் இப்படியென்றால் வேட்டை நிற்கும், வேலை நிற்கும், காட்டோர வீட்டையும் நாங்கள் விட வேண்டும். நான், பறவைகளுக்கு இன்னும் கொஞ்சம் அவகாசம் வேண்டும் என்று ஏதோ சொன்னேன். அவள் கோப்பையைக் கழுவிக்கொண்டே சொன்னாள்:

"சூரியத்தகடும் பறக்காது. ஆனால் அது பறக்குமென்று யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள்."

முழங்கால்

இந்த நேரம் பார்த்து என் முழங்கால் போனது. அடுத்த வருசம் ஆடியில் ஆஸ்பத்திரியில் வெட்டி இரும்பு வைத்துத் தைத்தார்கள். குஞ்சு வந்து இறங்குகிற காலம். நான் யன்னலோரக் கதிரையில், பக்கத்தில் இரண்டு ஊன்றுகோல். தீன் போட ஆளில்லை. மகள் தூரத்தில், ஓல்போர்க்கில் இருக்கிறாள். ஃபோனில் "ஃபா, அம்மாவிடம் சொல்" என்று டெனிஷில் முடித்துவிட்டாள். ஃபா என்றால் அப்பா. சொன்னேன். மனைவிக்குப் பறவை என்றால் கிட்டப் போகப் பயம், தொட அருவருப்பு. இருந்தும் வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள். வீடு போகப் போகிறது என்று அவளுக்கும் தெரியும்.

சற்று நேரத்தில் காட்டுக்குள் படார் படார் என்று சத்தம். சருவச்சட்டி மூடியை அகப்பையால் அடிக்கிறாள். அடித்துக்கொண்டே போய்க் கொட்டிவிட்டு, அடித்துக்கொண்டே வருகிறாள். கிட்ட வந்ததுகளை "சூ, போ, போய்த் துலை" என்று கலைக்கிறாள். நான் யன்னலைத் திறந்து கத்தினேன். அந்தச் சத்தத்தில் எப்படிக் கேட்கும்? ஒவ்வொரு நாளும் இதே கூத்து. திறந்துவிட்ட பிறகும் விடவில்லை. பெரிய தடியும் எடுத்துப் பற்றை பற்றையாக அடித்தாள். புரட்டாதிக்குள் யன்னலிலிருந்து பார்த்தால் ஒரு பறவை கண்ணில் படாது. எல்லாம் யென்ஸின் காணிக்கு ஓடிப்போய்விட்டன என்று நிச்சயித்துவிட்டேன். வீட்டுச் சாமான் கட்டப் பெட்டி தேடத் தொடங்கினேன். எல்லாத்தையும் கெடுத்துப்போட்டாய், அதுகள் குழந்தைப் பிள்ளை மாதிரி, அன்பாய்க் கூப்பிட வேண்டாமோ என்று கேட்டேன். வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னாள்:

"தீன் போடத்தானே சொன்னனீங்கள். கொஞ்சச் சொல்லேல்லையே."

கடைசி நாள்

கார்த்திகையில் விருந்தினர் வந்தார்கள். அந்த வழக்கறிஞரும் வந்திருந்தார், கதை சொல்ல ஒன்று கிடைக்கும் என்று. கிர்ஸ்டன் வயலோரம் தனியாக நின்றாள். நான் தடியோடு ஒரு வேலித்தூணில் சாய்ந்திருந்தேன். வாயைத் திறக்கக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கொம்பு ஊதினது. கலைக்கிறவர்கள் உள்ளே போனார்கள். ஒன்றும் இல்லை. அமைதி. யார் கண்ணிலும் படாமல் காருக்குப் போக வழியிருக்கிறதா என்று பார்த்தேன். முழங்கால் ஒத்துழைக்காது.

உள்ளே முதல் தடி மரத்தில் பட்டது. "டக்."

காடு எழும்பியது. வேறு மாதிரிச் சொல்லத் தெரியாது. பீச் மரத்து உச்சிக்கு மேலே, அதற்கும் மேலே, சேவலும் பேடும், காற்றைப் பிடித்துக்கொண்டு அம்பு மாதிரிப் போயின. விருந்தினர் அண்ணாந்தபடி சுட்டார்கள். பெரும்பாலும் வானத்தைச் சுட்டார்கள். விழுந்தது கொஞ்சம், தப்பிப் போனது அதிகம். வழக்கறிஞர் துப்பாக்கிச் சன்னமெல்லாம் முடித்துவிட்டு, ஒரு பறவையையும் வீழ்த்தாமல், முகமெல்லாம் சிரிப்பாக வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். சுடுகிறவர்களின் புத்தி விசித்திரம். காலடியில் வந்தால் கோபம். எட்டாமல் போனால் ஆனந்தம். அடுத்த வருசத்துக்கும் இடம் வேண்டுமென்று அங்கேயே கேட்டார்கள். சூரியத்தகட்டுக் கதை அன்றோடு போனது. யார் பழக்கினது என்று கிர்ஸ்டன் கேட்டாள். நான் காட்டோர வீட்டைக் காட்டினேன். அந்தப் பக்கம் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"அப்படியானால் நீ இனி வாளியைத் தொடாதே."

வீட்டில்

ஓடிப்போய்ச் சொன்னேன். ஓட முடியாது, நொண்டிப் போய்ச் சொன்னேன். வீடு தப்பிவிட்டது, உன் சட்டிமூடிதான் காப்பாற்றினது, பறவைகள் உன்னால்தான் பறந்தன என்று. சந்தோசப்படுவாள் என்று நினைத்தேன். முகம் இருண்டுவிட்டது. எத்தனை விழுந்தது என்று கேட்டாள். கொஞ்சம்தான் என்றேன். கதிரையில் இருந்துவிட்டாள்.

அப்போதுதான் விளங்கினது. பயத்தில் கலைக்கவில்லை. வேண்டுமென்றுதான் கலைத்திருக்கிறாள். மனுசரைக் கண்டால் கிட்ட வராதே, பறந்து போ என்று ஆடியிலிருந்து அதுகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். அதுகளும் படித்துவிட்டன. நான் அந்தப் படிப்பைக் கொண்டுபோய் விருந்தினருக்கு விற்றுவிட்டேன். தப்பினதுதான் அதிகம், மெய்யாகவே அதிகம் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். வெந்நீர் வாளி அன்று வரவில்லை. நானும் கேட்கவில்லை. பச்சைத் தண்ணியில் குளித்துவிட்டு வந்து இருந்தேன். தேத்தண்ணியை என் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னாள்:

"வாற வருசமும் நான்தான் தீன் போடுவன். இன்னும் உயரப் பறக்கப் பழக்கிறன். ஒருத்தற்றை சூடும் எட்டப்படாது."

சொன்னபடியே செய்கிறாள், பறவைகள் உயர உயர விருந்தினரும் கூடிக்கொண்டே வருகிறார்கள், இப்படியாக நான் மூன்று பருவம் கொஞ்சிக் கெடுத்த காட்டை, சுடுகிறவர்கள்மேல் உள்ள கோபத்தாலேயே சரிப்படுத்தி எனக்குச் சோறு போடுகிறவள் என் மனைவி தவமணி.