ஒரு மின்விசிறியின் உரிமையாளர்

பாப்பிரெட்டிப்பட்டி வங்கிக் கிளையில் நான் மேலாளராக இருந்தபோது, சந்தை நாள் தவறாமல் ஒருவர் வருவார். மடித்துக் கட்டிய வேட்டியை வாசலில் இறக்கிவிட்டுத்தான் உள்ளே நுழைவார். பணம் போட மாட்டார், எடுக்கவும் மாட்டார். ஆளில்லாத இடத்தில் ஓடும் மின்விசிறிகளை ஒவ்வொன்றாக அணைத்துவிட்டுப் போவார்.

முதல் தடவை நான் தடுத்தேன்.

"நானும் ஓனருங்க" என்றார். வங்கி ஊர் ஊராகப் பங்கு விற்று வளர்ந்த காலத்தில், அவருடைய அப்பா மரவள்ளி விற்ற காசில் பத்துப் பங்கு வாங்கியிருக்கிறார்.

"உங்களை மாதிரி ஆயிரக்கணக்கானவர்கள் இருக்கிறார்கள்" என்றேன்.

"கூட்டுக் கெணத்துல நமக்கு வாரத்துல ஒரு நாள்தானுங்க மொற. அதுக்குன்னு மத்த நாள்ல குப்ப கொட்டுனா பாத்துக்கிட்டு இருப்பமா?"

அதன்பிறகு நான் அவரைத் தடுக்கவில்லை.

பிறகு வடக்கே உள்ள ஒரு பெரிய வங்கி எங்கள் வங்கியைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. பங்குதாரர் வாக்கெடுப்பில் அவர் வேண்டாமென்று வாக்களித்திருந்தார். பழைய பங்கு பத்துக்குப் புதிய பங்கு ஒன்று கொடுத்தார்கள்.

பெயர்ப்பலகை மாறிய வாரமும் வந்தார். யாருமில்லாத நாற்காலிகளுக்கு மேல் ஆறு மின்விசிறிகள் ஓடிக்கொண்டிருந்தன. ஒன்றை மட்டும் அணைத்துவிட்டுக் கிளம்பினார்.

"மத்ததெல்லாம்?" என்று கேட்டேன்.

"இப்ப நம்முளுது ஒண்ணுதானுங்களே."

மற்ற ஐந்தும் ஓடின. அவை யாருடையவை என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் நானும் தொடவில்லை.